கோட்டை விழுந்த பங்கு

மழை விட்டதும் டோனலும் ஃபின்டனும் அப்பாவின் நிலத்தைப் பிரிக்க வயலில் இறங்கினார்கள். ஆற்றோரம் நல்ல மேய்ச்சல் தரை. அதன் நடுவில் கோட்டை, பாதி இடிந்த ஒற்றைக் கோபுரம்.

"அது உன் பக்கமே இருக்கட்டும்டா," என்றான் டோனல்.

"எனக்கெதுக்கு? பழங்காலக் கட்டடம்னு அரசாங்கம் இடிக்கவும் விடாது, உழவும் முடியாது. மாட்டு மேல கல்லு விழுந்தா யாரு பதில் சொல்றது?"

கோட்டையைக் கட்டியவர்கள் அவர்களுடைய முன்னோர்கள்தான். பிறகு கடல் கடந்து வந்த ஆங்கிலேயப் படை வடக்குச் சுவரைப் பீரங்கியால் தகர்த்து, நிலத்தை வேறொருவனுக்கு எழுதிக்கொடுத்தது. குடும்பம் கோபுரத்தின் நிழலிலேயே குடிசை போட்டு, சொந்த மண்ணில் குத்தகைக்கு உழுதது. பஞ்சத்தில் பாதிப்பேர் கப்பலேறினார்கள். நிலம் மறுபடி கைக்கு வந்தபோது தாத்தா முதலில் செய்த காரியம், கோட்டையின் கீழ்த்தளத்தில் கன்றுகளைக் கட்டியதுதான்.

அக்கா ஊனா தேநீர் கொண்டுவந்தாள். லிவர்பூல் வேலையை விட்டுவிட்டு வந்து அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள். உயிலில் நிலமெல்லாம் தம்பிகளுக்கு. அவளுக்கு அம்மாவின் தையல் இயந்திரம்.

"ரெண்டு பேருக்கும் வேண்டாம்னா எனக்குக் குடுங்க."

ஃபின்டன் சிரித்தான். "மகாராணி தர்பார் நடத்தப் போறியா?"

"நடத்துவேன். நீதான் கப்பம் கட்டணும்."

டோனல் சிரிக்கவில்லை. "அப்பா உனக்குன்னு நிலம் எதுவும் சொல்லலியேக்கா."

"சொல்லலதான். கடைசி மூச்சு வரைக்கும் பக்கத்துல இருந்தவ நான். எனக்குத் தெரியாதா?"

டோனல் கையிலிருந்த வேலிக் கம்பிச்சுருளைத் தரையில் இறக்கிவைத்தான். "எடுத்துக்கக்கா," என்றான்.

சிறுவயதில் தம்பிகள் மட்டுமே ஏறிய படிகளில் ஊனா ஏறினாள். பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்பார் அப்பா. மேலே காக்கைகள் கலைந்து பறந்தன. சன்னலோரத்துக் கல் இருக்கை, யார் யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழிந்து வழவழவென்றிருந்தது. அதில் உட்கார்ந்தாள். இங்கிருந்து ஆறு வளைவதுவரை தெரியும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

கீழே கோபுரத்தைச் சுற்றி வேலி வளர்ந்துகொண்டிருந்தது. சாலையைப் பார்த்த பக்கம் வந்ததும் தம்பிகள் இருவரும் எதற்கோ வாக்குவாதம் செய்தார்கள். பேச்சு மேலே எட்டவில்லை. நட்டிருந்த கம்பத்தை ஃபின்டன் பிடுங்கி, சற்றுத் தள்ளி நட்டான். சாலைக்கு வழிவிட்ட அந்த இடைவெளியில் டோனல் போய் நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்து, போதுமா என்பதுபோல அவளை அண்ணாந்து பார்த்தான்.