ஒரு கை மட்டும்

காலை ஏழு மணிக்கு ரயில் நிலையத்துக்கு எதிரே நின்ற சுற்றுலாப் பேருந்தில் ஏறும்போதே லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய் வறண்டுவிட்டது. மனைவி ஜன்னலோரத்தை அவருக்கு விட்டுவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இப்பவும் ஒண்ணும் ஆகிடல. வேணாம்னா இறங்கிடலாம்," என்றாள் மெதுவாக.

"ஏறினது ஏறியாச்சு. வண்டி கிளம்பட்டும்," என்றார் அவர்.

போன வருடம் இதே மாதம், இதே பேருந்தில்தான் இருவரும் கடற்கரைப் பாறைகளைப் பார்க்கப் போனார்கள். நகரத்திலிருந்து மூன்று மணி நேரம். மூன்று இடங்களில் நிறுத்துவார்கள். மூன்றாவது இடம்தான் பெயர்போனது. மலை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் இடத்தில், அடிவாரத்தில் மேசை போட்டது போல ஒரு தட்டைப் பாறை. அதன் நடுவில் ஒரு துளை. பெரிய அலை வந்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இரண்டு ஆள் உயரத்துக்குப் பீறிட்டுக் கிளம்பும். "கடலுக்கு முதுகைக் காட்டாதீங்க" என்று கைடு மூன்று தடவை சொன்னார். மெக்கானிக் மூன்று தடவையும் தலையாட்டிவிட்டு, மனைவியும் மலையும் சேர்ந்து விழுகிற மாதிரி ஒரு படம் எடுப்பதற்காகப் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து பாறையின் விளிம்புக்குப் போனார்.

அலை வந்தது அவருக்குத் தெரியாது. யாரோ முதுகில் எட்டி உதைத்தது போல இருந்தது. அடுத்த நொடி பாறையின் வெளிப்பக்கம், இரண்டு கற்களுக்கு நடுவே, இடுப்பு வரை தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தார். கண்ணில் உப்பும் ரத்தமும். மேலேயிருந்து ஒரு கை வந்து அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்தது. சாதாரணப் பிடி இல்லை; உடும்புப் பிடி. மழைக்கோட்டின் தொப்பி முகத்தை மறைத்த ஒரு பெண், பாறையில் குப்புறப் படுத்திருந்தாள். அவள் கால்களை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். கயிறு எடுக்கக் கைடு மேலே பேருந்துக்கு ஓடியிருந்தார். போய் வர இருபது நிமிடம்.

அந்த இருபது நிமிடமும் அவள் பேச்சை நிறுத்தவில்லை.

"தம்பி, என்ன வேலை பாக்கற?"

"லிஃப்ட்... ரிப்பேர்."

"லிஃப்ட் நடுவுல நின்னுட்டா உள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட என்ன சொல்லுவ?"

"கதவைத் தொடாதீங்க... நான் வந்துட்டேன்... பேசிக்கிட்டே இருங்க."

"அதேதான். பேசிக்கிட்டே இரு. நீ நிறுத்தினா எனக்குக் கோவம் வரும்."

இருபத்தேழு வருடமாக அவர் மற்றவர்களுக்குச் சொல்லிவந்த வார்த்தைகள். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரே உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார்.

கயிறு வந்தது, மேலே இழுத்தார்கள், ஆம்புலன்ஸ் வந்தது. இடது தோள்பட்டை எலும்பு முறிவு, தலையில் ஒன்பது தையல். அதே அலையில் விழுந்து முழங்கால் சிராய்த்த மனைவி, அழுதுகொண்டே ஆம்புலன்ஸில் ஏறினாள். அந்தப் பெண்ணின் முகத்தை இருவருமே பார்க்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்ததும் மெக்கானிக் சுற்றுலா அலுவலகத்துக்கு ஏழெட்டுத் தடவை போன் செய்தார். பயணிகளின் பெயர், விலாசம் எதையும் வெளியே தரக் கூடாது என்று விதி. கடைசியில் கைடே அந்தப் பெண்ணிடம் கேட்டுப் பார்த்துவிட்டு, "நன்றி எல்லாம் வேணாம், என்னைத் தேட வேணாம்னு சொல்லிட்டாங்க சார்" என்றார்.

அது அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. உயிரைக் காப்பாற்றியவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாத மனிதன் என்ன மனிதன் என்று மனைவியிடம் புலம்புவார். அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தோள் சேர்ந்துவிட்டது, தைரியம் சேரவில்லை. பதினாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கதவைத் திறந்து, கீழே இருண்டு கிடக்கும் பள்ளத்தை எட்டிப் பார்த்ததும் கால் துவண்டு உட்கார்ந்துவிட்டார். கம்பெனியில் நல்ல மாதிரியாகவே பேசி அவரைப் பட்டறைக்கு மாற்றினார்கள். ஒரு மேசை, ஒரு விளக்கு, பழுதான பொத்தான் பலகைகள். நாள் முழுக்கத் தரையில்தான் வேலை.

"ஒரு தடவை அந்த இடத்துக்குப் போய்ட்டு வந்துடலாம்ங்க" என்று மனைவிதான் கிளப்பினாள். விசாரித்தபோது கைடே போனை வாங்கி, "இந்த மாசம் பன்னெண்டாம் தேதி வாங்க. அன்னிக்குத்தான் வரணும்" என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார். கூட்டம் குறைவாக இருக்கும் நாள்போல என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பேருந்து நகரத்தைத் தாண்டியதும் கைடு மைக்கைத் தட்டினார். "பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கும் இதே கடல்தான் தெரியும். சீட்டுக்குச் சண்டை வேண்டாம்." போன வருடம் சொன்ன அதே ஜோக். மெக்கானிக் சிரித்துவிட்டார். மனைவி அவரைப் பார்த்து, பார்த்தது தெரியாமல் திரும்பிக்கொண்டாள்.

முதல் நிறுத்தத்தில் கடல் தூரத்தில் ஒரு சாம்பல் கோடாக இருந்தது. இரண்டாவதில், பாறை முழுக்க வெள்ளைப் பறவைகள் உட்கார்ந்து ஊரே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தன. இரண்டு இடத்திலும் மெக்கானிக் இறங்கினார். மூன்றாவது இடத்தில் பேருந்து நின்று, கதவு திறந்து, அந்த இரைச்சல் உள்ளே வந்ததும் அவருடைய கை முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை.

"நீ போய்ப் பாத்துட்டு வா. எனக்கு இங்கயே போதும்," என்றார்.

மனைவி வற்புறுத்தவில்லை. "சரி. பாதை எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்றேன்," என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு நடந்தாள். டிரைவர் கீழே இறங்கிக் கண்ணாடியில் படிந்த உப்பைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

பேருந்து காலி என்று நினைத்தவர், இரண்டு வரிசை முன்னால் ஒரு தலை தெரிவதைக் கவனித்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மாள். அகலமான தோள். அவளும் இறங்கவில்லை.

"நீங்க போகலையா சார்?" என்றாள், திரும்பாமலே.

"இல்லீங்க. கொஞ்சம் பயம்."

"எனக்கும்தான். வரவே கூடாதுன்னு இருந்தேன். இந்தக் கைடு ஆளு விடாம போன் பண்ணி, வேலி போட்டுட்டோம், ஒரு தடவை வந்து பாருங்கன்னு வரவழைச்சிட்டாரு. வந்து சேர்ந்துட்டேன். ஆனா கால் எந்திரிக்க மாட்டேங்குது."

"நீங்களும் இங்க விழுந்தீங்களா?"

"நான் விழல." அந்த அம்மாள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "ஒருத்தரைப் பிடிச்சிருந்தேன். போன வருஷம். பேக்கரியில மாவு பிசையற கை சார் இது. முப்பது வருஷமா. அதனால பிடிச்சிரலாம்னு தோணுச்சு. பிடிச்சேன். அவரும் பாவம், லிஃப்ட் ரிப்பேர் பண்றவராம், பேசிக்கிட்டே இருந்தாரு."

மெக்கானிக் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்தார். அந்த அம்மாள் ஜன்னலைப் பார்த்தபடி தொடர்ந்தாள்.

"கடைசில கயிறு வந்துச்சு. கைடு அவர் மார்பைச் சுத்திப் போட்டுட்டாரு. மேல யாரோ 'பிடிச்சாச்சு, பிடிச்சாச்சு'ன்னு கத்தினாங்க. எனக்குக் கை மரத்துப்போயிருந்துச்சு. கயிறு இறுகிடுச்சுன்னு நினைச்சு விட்டுட்டேன். இறுகல சார். ஒரு முழம் கீழ போய்ப் பாறையில மோதினாரு. மளுக்குன்னு ஒரு சத்தம். எலும்பு. அப்புறம் தூக்கிட்டுப் போறப்போ பாத்தேன், ஒரு கை தொங்கிக்கிட்டு இருந்துச்சு. தோள்பட்டை உடைஞ்சிருச்சுன்னு கைடு சொன்னாரு. ஒரு நொடி பொறுத்திருந்தா அந்த மனுஷன் முழுசா போயிருப்பாரு. அவரு எனக்கு நன்றி சொல்லணும்னு தேடறாராம். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் வாங்கிக்கறது?"

மெக்கானிக் எழுந்தார். கம்பியை விட்டுவிட்டு, இரண்டு வரிசை நடந்து, அந்த அம்மாளுக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்தார்.

"அக்கா, அவருகிட்ட ரெண்டு கையும் குடுன்னு நீங்க கத்தினீங்க. ஞாபகம் இருக்கா?"

அவள் திரும்பினாள். அன்றைக்கு அவருக்குத் தாடி இருந்தது. மருத்துவமனையில் முகத்துக் காயங்களுக்கு மருந்து போடுவதற்காக மழித்தது, பிறகு வைக்கவே இல்லை. அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாலஞ்சு தடவை கத்தினீங்க. அவரு வலது கையை மட்டும்தான் குடுத்தாரு. இடது கையைக் குடுக்கவே இல்ல. ஏன்னா குடுக்க முடியல. அலை அடிச்சு மொதல்ல கல்லுல மோதினப்பவே தோள் உடைஞ்சிருச்சு. நீங்க என் கையைப் பிடிக்கறதுக்கு முன்னாடியே, அக்கா."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவருடைய நெற்றியில் முடிக்குள் ஓடிய தழும்பை. பிறகு வலது மணிக்கட்டை.

"தம்பி," என்றாள். குரல் இறங்கியிருந்தது, ஆனால் அதே குரல். "எனக்காகச் சொல்றியா?"

"டாக்டர் எழுதிக் குடுத்த காகிதம் வீட்டுல இருக்கு. கொண்டாந்து காட்டறேன்."

"அப்போ அந்தச் சத்தம்? நான் காதால கேட்டேனே."

மெக்கானிக்குக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அது கேமரா. கழுத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. என் மச்சானோடது, இரவல் வாங்கினது. ரெண்டா பொளந்துருச்சு. நீங்க உடைச்சது அதைத்தான். மச்சான் இன்னும் என்கிட்ட சரியா பேசறதில்ல."

அவளும் சிரிக்கத் தொடங்கினாள். பாதிச் சிரிப்பிலேயே முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. வெளியே டிரைவர் துடைப்பதை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு, நாகரிகமாக அடுத்த ஜன்னலுக்குப் போனார்.

ஒரு வருடமாக மனதில் எழுதி, அடித்து, திருத்தி வைத்திருந்த நன்றிப் பேச்சு மெக்கானிக்கிடம் இருந்தது. நேரம் வந்தபோது அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. "நான் இருக்கேன்க்கா. காலைல எந்திரிக்கறேன், வேலைக்குப் போறேன், சாப்பிடறேன். எல்லாம் உங்களாலதான்," என்றார். அவ்வளவுதான் வந்தது.

"இதை முன்னாடியே கேட்டிருக்கலாம்," என்றாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வேணாம் வேணாம்னு ஒரு வருஷத்தை வீணாக்கிட்டேன்."

அப்போது மனைவி திரும்பி வந்தாள். பாதையில் கைப்பிடி போட்டிருக்கிறார்கள், படிகள் புதிதாக இருக்கின்றன என்று சொல்ல வந்தவள், இருவர் முகத்தையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இவங்கதான்," என்றார் மெக்கானிக்.

மனைவி படியேறினாள். உள்ளே வந்து, அந்த அம்மாளின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள், குழந்தை பிறந்ததும் தாய் பார்ப்பாளே, அப்படி. பிறகு அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் கூச்சத்தில் நெளிந்தாள். "ஏம்மா, கையெல்லாம் காய்ச்சுப் போயிருக்கும்மா," என்றாள். மனைவி விடவில்லை.

மூன்று பேரும் சேர்ந்தே இறங்கினார்கள். தட்டைப் பாறைக்குப் போகும் வழியை அடைத்துவிட்டார்கள். இப்போது மேலே, இரும்பு வேலிக்குப் பின்னால் நின்றுதான் பார்க்க வேண்டும். நடுவில் அந்த அம்மாள், இரு பக்கமும் கணவனும் மனைவியுமாக நடந்தார்கள். கடைசிப் பத்து அடி மெக்கானிக்குக்கு மலையேறுவது போல இருந்தது. வேலியை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணைத் திறந்து, குனிந்து பார்த்தார்.

கீழே கடல் தன் போக்கில் வேலை செய்துகொண்டிருந்தது. கறுத்த பாறையின் மேல் பச்சைத் தண்ணீர் ஏறி, வெளுத்து, நூறு ஓடையாகப் பிரிந்து இறங்கியது. துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டது. காற்று அதை அடித்து இவர்கள் முகத்தில் தெளித்தது. கால் நடுங்கியது. ஆனால் துவளவில்லை. இவ்வளவு அழகான இடம் என்று அவர் போன வருடம் கவனிக்கவே இல்லை.

கைடு பின்னால் வந்து நின்றார். முகத்தில் பிடிபட்ட திருடனின் சிரிப்பு.

"பேரைச் சொல்லக் கூடாதுன்னுதான் கம்பெனி சொல்லியிருக்கு சார். உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல சீட்டு போடக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

"நீங்க நல்லா இருக்கணும்," என்றாள் மனைவி. வேறு யாரையும் அவள் அப்படி வாயார வாழ்த்தி மெக்கானிக் கேட்டதில்லை.

திரும்பும் வழியில் மூவரும் கடைசி நீள இருக்கைக்கு மாறி உட்கார்ந்தார்கள். பேச்சு எங்கெங்கோ போனது. அந்த அம்மாள் தனியாக இருப்பவள்; மகள் வெளியூரில்; காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். மனைவி பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் கதைகளைச் சொன்னாள். ஒரு வளைவில் கைடு மைக்கில் இன்னொரு பழைய ஜோக் சொன்னபோது, மற்றவர்கள் சும்மா இருக்க, இவர்கள் மூவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கைடுக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது.

இந்தப் பயணம் முடிந்து மூன்றாவது வாரம் மெக்கானிக் மேலாளரிடம் போய், பழைய வேலையைக் கேட்டார். முதல் நாள் இரண்டாம் மாடியோடு நிறுத்திக்கொண்டார். மறுநாள் ஐந்தாம் மாடி. பயம் முழுக்கப் போனது என்று சொல்ல முடியாது; அதுவும் கூடவே வந்தது, ஒரு ஓரமாக நின்றது, அவர் வேலையைப் பார்த்தார்.

அந்தப் பயண நாளின் மாலையில், பேருந்து நகரத்துக்குள் நுழைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பேக்கரித் தெரு வந்ததும் அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வர்றேன் தம்பி. வர்றேம்மா."

மெக்கானிக் வீடு இன்னும் நாலு நிறுத்தம் தள்ளி. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள்.

"நாங்களும் இங்கயே இறங்கறோம்," என்றாள் டிரைவரிடம். "அக்காவை வீட்டுல விட்டுட்டு நடந்து போய்க்கறோம்."