பிசிறு எடுக்காத சாவி

…இன்னொரு சாவி இருக்கா என்று கேட்கிறானே இந்த ஜமால், இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன, சட்டைப்பையில் கிடந்து நெஞ்சை உறுத்துகிற அதை எடுத்து நீட்டினால் யாருடையது, எப்படி வந்தது என்று பேச்சு வளருமே, தொண்ணூறடி ரோட்டில் உட்கார்ந்து பூட்டு வேலை பார்க்கிறவனுக்குத் தெரியாத வீட்டுச் சங்கதி உண்டா, ஒருவேளை தெரிந்துதான் கேட்கிறானோ… நாகராஜ் பிக்கப்பின் மட்கார்டில் சாய்ந்துகொண்டு எதிர்ச்சாரியில் தொங்கும் தோல் பைகளைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தான். நீள மூக்கும் உருண்டை விளக்குமாக, மாமனார் காலத்து வண்டி, மைக்செட் ஏற்றிக்கொண்டு கோயில் கொடைக்கோ கல்யாணத்துக்கோ போனால் பையன்கள் நிறுத்தி செல்பி எடுப்பார்கள், அந்த வண்டி இன்றைக்கு இரண்டு கதவிலும் பூட்டு இல்லாமல் ஓட்டையோடு நிற்கிறது. "ஒங்க சாவி தேஞ்சு மொழுக்குன்னு ஆயிட்டு அண்ணாச்சி. இத வச்சு உள்ள இருக்க தகடு எந்த எடத்துல நிக்கணும்னு பிடிபடல. தேயாத சாவி இருந்தா தாங்க, அதப் பாத்து மாத்தி அடுக்கிருவேன்" என்றான் ஜமால். வேறு வழியில்லை, எடுத்துக் கொடுத்தான், கொடுக்கும்போது ஜமாலின் முகத்தைப் பார்க்கவில்லை.

பூட்டை மாற்றாமல் இருந்திருக்கலாம்… ஆனால் திருடன் கையில் சாவி இருந்தது என்று ஊரறியச் சொன்னவன் பூட்டை மாற்றாவிட்டால் சொன்ன சொல் என்னாகும், பொய்யாகிவிடாதா, பொய்தான் என்றால்… ச்சே. வண்டிக்குள் வைத்திருந்த ஆம்ப்ளிபயர் காணாமல் போனது உண்மை, அது போனதற்கும் ஆண்டாப் ஹில் மண்டபத்தில் காதுகுத்துப் பந்தியின் நடுவே நின்று வாய் திறந்ததற்கும் என்ன சம்பந்தம்? "ரெண்டே சாவி, ஒண்ணு எங்கிட்ட இருக்கு, இன்னொண்ணு எவன்ட்ட இருக்குன்னு வந்த சனமும் தெரிஞ்சுக்கிடட்டும்!" நாக்கில் சனி உட்கார்ந்தால் இப்படித்தான். காது குத்தியது பூலோகத்தின் மகளுக்கு, பூலோகம் இவன் மனைவி விஜயராணியின் கூடப்பிறந்த தம்பி, ரசவாளியோடு குனிந்து நின்றவன் நிமிரவே இல்லை, ரசம் இலைக்கு வெளியே ஓடியது. மறுநாள் காலையில் விஜயராணி அந்தச் சாவியைக் கொண்டுவந்து டிவி மேல் வைத்தாள், "தம்பி குடுத்துவுட்டான்" என்ற ஒரே சொல், அன்றிலிருந்து சோற்றுத் தட்டு தரையில் வைக்கப்படும் சத்தம் மட்டும்தான் வீட்டில் பேச்சு.

"யண்ணாச்சி, இதென்ன கூத்து!" ஜமால் சாவியை வெயிலுக்குக் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அரம் போட்ட பிசிறு அப்படியே இருக்கு பாருங்க. வெட்டுன அன்னைக்கு வெட்டுனதோட சரி. பூட்டுக்குள்ள விட்டா பாதியில நிக்கும், உள்ள போவாது. இத வச்சு ஒருத்தனும் ஒங்க கதவத் தொறந்ததில்ல." சொல்லிவிட்டு உள்குழலில் செருகிக் காட்டினான், பாதியில் நின்றது. "ஒங்க பூட்டு இருந்த இருப்புக்கு சாவியே வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர வச்சு நெம்புனா தொறந்துக்கிடும்" என்று சிரித்தான், பாவி, சும்மாதான் சிரித்தான். நாகராஜுக்குக் காது வரை சுட்டது. அந்தச் சாவியை வெட்டி வாங்கியது அவனேதான், பூட்டில் போட்டுப் பார்க்காமலே பூலோகம் கையில் கொடுத்தான், மச்சினனுக்குத்தானே, போதும் என்று. அதற்கப்புறம்… அதற்கப்புறமும் வண்டி வேண்டுமென்றால் பூலோகம் வாசலில் வந்து நின்று "அத்தான், வண்டியக் கொஞ்சம் தொறந்து தாறீளா" என்று கேட்டுக்கொண்டுதானே இருந்தான்? ஏல, ஒங்கிட்டத்தான் சாவி இருக்கே, தூங்குறவன எழுப்பிக்கிட்டு, என்று எத்தனை எரிந்து விழுந்திருக்கிறான்! அப்போதும் சிரித்துக்கொண்டே நிற்பான். அவனைப் பெற்றவர் ஓட்டிய வண்டி, மகளோடு சேர்த்து மாப்பிள்ளைக்குக் கொடுத்த வண்டி, அதைத் திறக்க மாப்பிள்ளையிடம் வந்து கேட்டு நின்றிருக்கிறான் மகன். இது இப்போதுதான் தெரிந்ததா என்ன, மண்டபத்தில் வாய் திறந்தபோது தெரியாதா… தெரியும். தெரிந்தேதான் சொன்னான்.

பின்னே ஏன்? பந்திதான், வேறென்ன, வெட்கம் கெட்ட காரணம். செம்பூர் சகலையை முதல் பந்தியில் தலைவாழை இலைக்கு முன்னால் உட்காரவைத்து, "நீங்க செத்த இருங்க அத்தான்" என்று இவனை நிறுத்திவிட்டான் பூலோகம். மூத்த மாப்பிள்ளை கதவோரம் நிற்க, சின்னவன் அப்பளத்தை நொறுக்குகிறான், பசி வேறு, அந்த நேரம் பார்த்து ஆம்ப்ளிபயர் நினைவுக்கு வந்தது. வராது போயிருக்கக் கூடாதா! இப்போது தோன்றுகிறது, இவன் வீட்டு விசேஷத்தில் இவன் எந்தப் பந்தியில் உட்காருகிறான்? கடைசியில்தானே, வந்தவர்களெல்லாம் சாப்பிட்டபிறகு வீட்டாள்கள் மட்டும், இருப்பதைப் பகிர்ந்துகொண்டு. செம்பூர்க்காரன் விருந்தாளி. அப்படியென்றால் தன்னை வீட்டாளாக… அடப் படுபாவி, அதைக் கேட்டாவது தொலைத்திருக்கலாமே. "புடிங்க அண்ணாச்சி, எப்பமும் ரெண்டு சாவிதான் குடுப்பேன்" என்று ஜமால் புதுச் சாவிகளை உள்ளங்கையில் வைத்தான், "பிசிறெல்லாம் எடுத்தாச்சு. ரெண்டாவது வீட்ல குடுத்துருங்க." வீட்டில் யாரிடம் என்று கேட்கவில்லை, நல்லவேளை.

நடந்தே போனான், வண்டியை எடுக்க மனசு வரவில்லை. பூலோகம் வீட்டு வாசலில் திரை தொங்கியது, உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம், குழந்தை ஏதோ சொல்லிச் சிணுங்கியது, காது இன்னும் ஆறியிருக்காது. இந்தத் திரைக்கு வெளியே இதுவரை நின்றதே இல்லை, விலக்கிக்கொண்டு நேரே உள்ளே போய், ஏல, காபி போடச் சொல்லு என்று உட்கார்ந்துதான் பழக்கம், இவனுக்குக் கேட்டுவிட்டு நுழைய வேண்டிய கதவு ஒன்று உண்டா என்ன… இன்றைக்குக் கை திரை வரை போய்த் திரும்பி வந்தது. சாவி வியர்வையில் நனைந்து கிடந்தது. கூப்பிட வேண்டும், எப்படிக் கூப்பிடுவது, ஏல என்றா, மாப்பிள்ளை என்றா, பெயர் சொல்லியா? செருமினான். மிக்ஸி நின்றது.

"யாரு?" பூலோகத்தின் குரல்தான்.

உன் அத்தான் என்று சொல்ல வந்தது, வந்ததை நிறுத்திக்கொண்டான், இன்னும் அத்தான்தானா என்பதை இனி பூலோகமல்லவா சொல்ல வேண்டும்…