நார்மனிடம் மிஞ்சிய சொல்

தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு நார்மன் கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஃபயர்" என்றார். மனைவி ஐரிஸ் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து இன்னும் அரைக் கரண்டி போட்டுக் கலக்கினாள். அவர் குடித்துப் பார்த்து மறுபடியும் "ஃபயர்" என்றார், இந்த முறை குரலைத் தாழ்த்தி. இப்போது சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அவள் தன் கோப்பையோடு எதிரில் உட்கார்ந்தாள். இங்கிலாந்தின் ஹல் நகரத்து மழை வழக்கம்போல ஜன்னலில் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது.

போன வருடம் ஆப்பிள்கள் உதிர்கிற சமயத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை மடியில் விழுந்து கிடந்தது. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வார்த்தைகள் மட்டும் மொத்தமாகப் போய்விட்டன, இந்த ஒன்றைத் தவிர. நாற்பது வருடம் பஸ் ஓட்டி, ஏறுகிற ஒவ்வொருவரிடமும் ஏதாவது வம்பு பேசிய மனிதர் அவர். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், சிலருக்கு இப்படி ஒரே ஒரு சொல் சிக்கிக்கொண்டு நின்றுவிடும் என்றாள். சொல்ல நினைப்பதெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, வாய்க்கு வரும்போது இதுவாகி விடுகிறது, அவ்வளவுதான், காரணம் தேடாதீர்கள் என்றாள்.

ஆனால் எல்லோரும் தேடினார்கள். மகள் ஜில், அப்பாவுக்குக் குளிர்கிறது, கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வேண்டுமென்கிறார் என்றாள். அந்த ஊரில் வீட்டை வெதுவெதுப்பாக்குகிற அடுப்பையும் ஃபயர் என்றுதான் சொல்வார்கள். நார்மனின் தம்பி கென், வாலிபத்தில் அண்ணன் ராணுவத்தில் இருந்தபோது துப்பாக்கிப் பயிற்சியில் காது கிழியக் கேட்ட கட்டளை அது, சுடு என்கிற கட்டளை, அதுதான் மண்டையில் தங்கிவிட்டது என்றார். ஐரிஸுக்குத் தனியாக ஒரு எண்ணம் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஜில் கைக்குழந்தையாக இருந்தபோது, மேலதிகாரி ஒருவரோடு வாய்ச்சண்டை போட்டதற்காக பஸ் கம்பெனி நார்மனை வேலையை விட்டுத் தூக்கியது. "ஃபயர் பண்ணிட்டானுங்க, ஐரிஸ்" என்று வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவர்களே கூப்பிட்டுக்கொண்டார்கள். இருந்தாலும் அந்த முகத்தை அவள் மறக்கவில்லை.

நாளாக ஆக அவள் காரணத்தை விட்டுவிட்டாள். ராகத்தைக் கேட்கப் பழகினாள். வெடுக்கென்று வந்தால் மூக்குக்கண்ணாடி. இழுத்து வந்தால் கழிப்பறை. பல்லிடுக்கில் வந்தால், டிவியில் அவர் டீம் தோற்கிறது. சில நேரம் அவள் பக்கத்தில் வந்து உட்காரும்போது மூச்சுக்குள்ளேயே ஒன்று சொல்வார். அதை மட்டும் அவள் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

தொல்லையெல்லாம் வெளியில்தான். வாரத்தில் இரண்டு நாள் முதியோர் பகல் மையத்துக்குப் போய்வந்தார். அந்த இரண்டு நாளில்தான் ஐரிஸ் கடைக்குப் போனாள், முடி வெட்டிக்கொண்டாள், சும்மா இருந்தாள். ஒரு நாள் தேநீர் வண்டி வரத் தாமதமானதும் நார்மன் உரக்கக் கூப்பிட்டிருக்கிறார். புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண் பதறிப்போய்த் தீ எச்சரிக்கை மணியை அடித்துவிட்டாள். சக்கர நாற்காலிக்காரர்கள் எல்லோரும் மழையில் கார் நிறுத்துமிடத்துக்குத் தள்ளப்பட்டார்கள். நார்மன் யாருடைய குடைக்கடியிலோ நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாராம். மறுநாள் மையத்திலிருந்து போன் வந்தது. மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்கள். இனி அனுப்ப வேண்டாம் என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜில் லீட்ஸிலிருந்து காரில் வந்தாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல முதியோர் இல்லம் ஒன்றில் இடம் காலியாக இருக்கிறதாம். தினமும் போய்ப் பார்ப்பாளாம். அம்மா கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்க் கிடப்பதைத் தன்னால் பார்க்க முடியவில்லை என்றாள்.

"அங்க இருக்கறவங்களுக்கு அவர் பேசறது புரியாது, ஜில்."

"எனக்கே புரியலம்மா. உனக்குப் புரியுதுன்னு நீ நெனச்சுக்கற. நாளைக்கே உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவரால ஒரு போன் பண்ண முடியுமா?"

நார்மன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "ஃபயர்" என்றார், மிகவும் சாந்தமாக. ஐரிஸ் அதுவரை கேட்டிராத ராகம் அது. ஜில் எழுந்துபோய்க் காருக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் திரும்பி வந்தாள்.

அடுத்து வந்த ஒரு வெயில் காலையில் ஐரிஸ் போர்வைகளைத் துவைத்துக் கொல்லைப்புறத்தில் காயப்போட்டாள். கூடையோடு திரும்பும்போது பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கியது. இடுப்பில் ஏதோ முறிவது காதுக்குக் கேட்டது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது. கத்திப் பார்த்தாள், காற்றுதான் வந்தது. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் வேலைக்குப் போயிருந்தார்கள். தலைக்கு மேல் ஈரப் போர்வை படபடத்தது.

சமையலறைக் கதவில் நார்மன் வந்து நின்றார். அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை, அந்த ஒரு சொல்கூட. சட்டென்று திரும்பி உள்ளே போனார். போய்விட்டாரே என்று அவளுக்கு அழுகை முட்டியது. அப்புறம் கூடத்தில் போன் எண்கள் ஒவ்வொன்றாக அமுங்கும் சத்தம் கேட்டது. இடது கையால் மெதுவாக அமுக்கினார். காது மந்தமானதால் போனில் சத்தத்தை எப்போதும் பெரிதாக்கி வைத்திருப்பார். மறுமுனையில் ஒரு பெண்குரல் அவசர உதவி என்றது. எது வேண்டும், ஃபயரா, போலீஸா, ஆம்புலன்ஸா என்று கேட்டது.

ஐரிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஃபயர்" என்றார் நார்மன்.

குரல் மாறியது. முகவரி கேட்டார்கள். ஃபயர் என்றார். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்டார்கள். ஃபயர், ஃபயர் என்றார், குரல் உடைந்து. பதற்றத்தில் பேச வரவில்லை என்று நினைத்தார்களோ என்னவோ, லைனிலேயே இருங்கள், உங்கள் முகவரி எங்களுக்குத் தெரிகிறது, வண்டி புறப்பட்டாயிற்று என்றது அந்தக் குரல். அவர் லைனில் இருக்கவில்லை. போனைத் தொங்க விட்டுவிட்டு, வாசல் கொக்கியில் மாட்டியிருந்த அவளுடைய கோட்டை இழுத்துக்கொண்டு வந்தார். குனிய முடியாது. சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு கோட்டை அவள் மேல் விழவிட்டார். அது பாதி தரையில் விழுந்தது. காலால் தள்ளித் தள்ளி அவள் முட்டிவரை மூடினார்.

தெருவே அதிர ஒரு பெரிய சிவப்பு வண்டி வந்து நின்றது. மஞ்சள் ஹெல்மெட்டுகள் தன் சமையலறை வழியாக வருவதை ஐரிஸ் தரையில் கிடந்தபடி பார்த்தாள். பாத்திரங்கள் கழுவாமல் கிடப்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. முன்னால் வந்த பெண்ணின் சட்டைக் கையைப் பிடித்து நார்மன் இழுத்து வந்தார்.

"நெருப்பு எங்கய்யா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் ஐரிஸைப் பார்த்ததும் மண்டியிட்டாள்.

"நெருப்பெல்லாம் இல்லம்மா" என்றாள் ஐரிஸ். மூச்சு விட்டு விட்டு வந்தது. "அவருக்கு அது ஒண்ணுதான் பேச வரும். கோவிச்சுக்காதீங்க."

அந்தப் பெண் நார்மனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தோளிலிருந்த கருவியில் ஆம்புலன்ஸ் கேட்டாள். அது வரும்வரை ஐரிஸின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் தாங்கிக்கொண்டாள். இன்னொருவன் காய்ந்துகொண்டிருந்த போர்வைகளைச் சேறு படாமல் எடுத்து மடித்து வைத்தான்.

இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஜில் விடுப்பு எடுத்து வந்து அப்பாவோடு தங்கினாள். மூன்றாம் நாள் அவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து படுக்கையருகில் உட்காரவைத்துவிட்டு, நெடுநேரம் மனதில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"தெரிஞ்சுதான் சொன்னாரா அம்மா? இல்ல, வாய்ல அதுதானே வரும்?"

"போன்ல அவ கேட்டா. இவர் சொன்னார். வண்டி வந்துது" என்றாள் ஐரிஸ். "எனக்கு அதுக்கு மேல தெரிய வேணாம்."

ஜில் காலையில் நடந்ததைச் சொன்னாள். அப்பா எதையோ கேட்டாராம். ஜாம் கொடுத்தாளாம், இல்லை. செய்தித்தாள் கொடுத்தாளாம், இல்லை. கடைசியில் பார்த்தால் ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். "வெளில ஒரு மைனா மாதிரி ஏதோ கத்திட்டு இருந்துது. கேக்கணுமாம். ரெண்டு பேரும் நின்னு கேட்டோம்." லீட்ஸ் இல்லத்தைப் பற்றி அவள் அன்று பேசவில்லை. பேசாமல் முடியாது என்பது மூவருக்குமே தெரிந்திருந்தது. ஐரிஸ் நடக்க எத்தனை நாளாகும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை.

பார்வையாளர் நேரம் முடிகிற மணி அடித்தது. ஜில் கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகில் நின்றாள். நார்மன் எழவில்லை. ஐரிஸின் மேசையிலிருந்த சீப்பை எடுத்தார். தலையணையில் நசுங்கிப் படுத்திருந்த அவள் முடியை, பழக்கமில்லாத அந்த இடது கையால் வாரத் தொடங்கினார். வகிடு நெற்றியில் நேராகப் புறப்பட்டு, பாதியில் வளைந்து, காதுப் பக்கம் எங்கோ போயிற்று. அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாரினார். ஐரிஸ் வாகாகக் கழுத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.