கையூம் பாய் திருப்பிச் சொன்ன பிரசங்கம்

1

இந்தக் கதை என் தொண்டையிலிருந்து வந்தது. போன தை மாதம் சளி பிடித்துக் குரல் போய்விட்டது. எழுபது வயதில் குரல் போனால் வீட்டில் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. நிம்மதி என்றுகூட நினைத்திருப்பார்கள். பேசாமல் உட்கார்ந்திருந்த நான்காம் நாள், சின்ன வயதில் சந்தையில் பார்த்த ராயப்பராஜ் உபதேசியாரின் நினைப்பு வந்தது.

2

முதல் வரியை இப்படி எழுதினேன்: “சிறுமலைப் பனி விலகிய மாசிக் காலையில் கோட்டைப் பாறைமேல் பொன்வெயில்...”

(வேண்டாம். அந்த வெயிலில் நின்றவர் யாரும் அதைப் பொன் என்று சொல்ல மாட்டார்.)

மறுபடி: 1962 மாசி. உபதேசியாருக்கு அறுபத்தெட்டு வயது. முப்பது வருடமாக நாகல் நகர் வாரச்சந்தையில் ஒரு கள்ளிப்பெட்டிமேல் ஏறி நின்று பிரசங்கம் செய்கிறவர். பயம் என்பதே கிடையாது. “இஞ்ஞாசி, ஒன் தராசுத் தட்டுக்கு அடியில புளி ஒட்டிருக்கு. கர்த்தர் குனிஞ்சு பாக்க மாட்டார்னு நெனச்சியா?” என்று வெங்காய வியாபாரியைப் பேர் சொல்லியே கேட்பார். அப்படிப் பேசி இரண்டு தடவை அடியும் வாங்கியிருக்கிறார். இன்றைக்கும் வெங்காயச் சருகு வாசனை வந்தால் எனக்கு அந்தக் குரல் கேட்கும்.

கூட்டம் கூட இன்னொரு காரணம் அப்துல் கையூம். தோல் மண்டிக்காரர், அவருக்கும் அதே வயது. வாராவாரம் எதிரே நின்று, “ஓய் உபதேசியாரே, கடவுளுக்கு ஏதுய்யா மகன்?” என்று மல்லுக்கு நிற்பார். முப்பது வருடத்தில் ஒருவரை ஒருவர் ஜெயித்ததே இல்லை.

3

அந்த வருடத் தைப் பனியில் உபதேசியாரின் குரல் போனது. மாசி பிறந்து வெயில் ஏறியும் திரும்பவில்லை.

உபதேசியாரின் சபைப் பாஸ்டர் நல்ல மனிதர். (கெட்டவராக எழுதிப் பார்த்தேன், கதை ரொம்பச் சுலபமாகிவிட்டது, அடித்துவிட்டேன்.) “இந்தச் சந்தைக்கு நான் வந்து பாக்குறேன். ஜனங்க காதுல விழலைன்னா, மைக் செட் வச்சு வேற ஆள் பேசட்டும். நீங்க ஓய்வெடுங்க உபதேசியாரே” என்றார்.

உபதேசியாருக்கு அழுகை வந்தது. சாவுக்குப் பயப்படாத மனிதர், பேசாமல் கிடப்பதற்குப் பயந்தார். நேரே தோல் மண்டிக்குப் போனார்.

“பாய், நாளைக்கு நீங்க வராதீக. பதில் சொல்லத் தொண்டை இல்ல” என்றார். காற்றுதான் வந்தது.

“இம்புட்டு வருசமா வந்தவன், நாளைக்கு மட்டும் வீட்ல ஒக்காந்து என்ன செய்யச் சொல்றீரு?”

“அப்ப எரக்கப்பட்டு மட்டும் சும்மா நின்னுறாதீக.”

கையூம் பாய் குனிந்து தோல் கட்டை எண்ணத் தொடங்கினார்.

4

மறுநாள் உபதேசியார் பெட்டிமேல் ஏறினார். உதடு அசைந்தது. பாஸ்டர் குடையோடு பின்வரிசையில் நின்றார். முன்வரிசை கலையத் தொடங்கியது.

கையூம் பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று கத்தினார்: “எங்கப்பா போறீக? இவர் சொல்றதுக்கு நான் மறுப்புச் சொல்ல வேண்டாமா? மொதல்ல கேளுங்க! மோசேக்கு, அதான் எங்க மூசா நபிக்கு, எம்பது வயசுலதான் கடவுள் வேலையே குடுத்தாராம்!”

உபதேசியார் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். பாய் அதையும் கத்தினார். அந்த மூசா நபியைத் தவிர ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

(மோசேக்கும் பேச்சு சரியாக வராது, அண்ணன்தான் அவருக்காகப் பேசினார் என்று வேதம் படித்தவர்களுக்கு ஞாபகம் வரும். எனக்கு எழுதும்போதுதான் வந்தது. என் சாமர்த்தியம் இல்லை.)

5

பிரசங்கம் முடிந்தது. சந்தை முழுக்க கையூம் பாயைப் பார்த்தது. இனி அவர் மறுப்புச் சொல்ல வேண்டும்.

முதல் முடிவு: வழக்கம்போல வெளுத்து வாங்குகிறார். திருப்பிச் சொல்லக் குரலில்லாத உபதேசியார், பாஸ்டர் கண்முன்னே தோற்று இறங்குகிறார்.

இரண்டாவது: “இன்னைக்கு எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல” என்று துண்டை உதறித் தோளில் போடுகிறார். கூட்டம் கைதட்டுகிறது. உபதேசியார் அதன்பின் அந்தப் பெட்டியில் ஏறவே இல்லை.

மூன்றாவது: பாய் மறுப்பைச் சொல்லிவிட்டு, உபதேசியாரின் வாயருகே காதை வைத்து, அவர் சொல்லும் பதிலையும் தானே...

இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து நிறுத்திவிட்டேன்.

உபதேசியார் இறங்காமல் நிற்கிறார். பாயின் இடத்தில் இப்போது நீங்கள். என்ன சொல்வதானாலும் கூசாமல் சொல்லுங்கள். அவருக்குக் குரல்தான் போயிருக்கிறது, காது நன்றாகவே கேட்கும். இரக்கப்பட்டால் உடனே கண்டுபிடித்துவிடுவார்.