ஐந்து பிறப்பு குறைகிறது

நாவல்மேட்டுக் கணக்கில் ஐந்து குழந்தைகள் குறைந்தன. எண்பத்தொன்றாம் வருஷக் கணக்கெடுப்பில் ஊர் ஜனத்தொகை ஆயிரத்து இருநூற்று நாற்பது. ஆயிரம் பேருக்கு வருஷம் முப்பத்தைந்து பிறப்பு என்று வைத்தாலும் நாற்பத்துமூன்று வர வேண்டும். இந்த ஊர் நர்ஸான நான் வீடு வீடாகக் கேட்டு எழுதியது முப்பத்தெட்டு. அதில் இறந்தது இரண்டு.

“ஆயிரம் பிறப்புக்கு அம்பத்திமூணு சாவு. நல்ல ஊரும்மா இது,” என்று சுகாதார அதிகாரி சத்தியநாதன் சார் ஜீப்பில் உட்கார்ந்தபடியே பைலை மூடினார். “நூறு தாண்டின ஊருக்குத்தான் துணை சுகாதார நிலையம். நாலு மணிக்கு வேலூர்ல லிஸ்ட் குடுக்கணும் கிருபா. அஞ்சு குறையுதுன்னு சொல்றியே, கால் மணி நேரம் தர்றேன்.”

எனக்கு எரிச்சலாக வந்தது. தோல் பதனிடும் ஷெட் கழிவு கிணற்றில் இறங்கிய ஊர், நல்ல ஊராம்! அந்த ஐந்தும் பிறந்து இறந்தவை என்றால் ஆயிரத்துக்கு நூற்று அறுபத்துமூன்று.

கோவிந்தம்மாள் வீட்டுக்கு ஓடினேன். அவளுக்கு நிறைமாதம். போன வருஷக் கர்ப்பத்திலும் நான்தான் தடுப்பூசி போட்டிருந்தேன்.

“அந்தப் பிள்ள இன்னா ஆச்சு?”

அவள் முந்தானையால் வயிற்றை மூடினாள். “பேர் வெக்கறதுக்குள்ள போனதப் பேசக் கூடாது நர்சம்மா. உள்ள இருக்கறது கேட்டுக்கும். அதுவும் போய்டும்.”

பத்து நாளாக இதைத்தான் வாசலுக்கு வாசல் உரக்கக் கேட்டிருக்கிறேன், மடச்சி. வீட்டுக்கு வீடு பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் தெருவில் யார் வாயைத் திறப்பார்கள்? இவளுக்குப் பிரசவம் சிக்கலானால் பள்ளிகொண்டா ஆஸ்பத்திரி வரை மாட்டுவண்டிதான்.

“பேச வேணாம்,” என்றேன். “எத்தனைன்னு விரலக் காட்டு, போதும்.”

“உனுக்கு?” என்றாள்.

யார் கேட்டாலும், எனக்கு ஒரு மகன் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அவனுக்கு முன்னால் பிறந்தவள் ஞானஸ்நானத்துக்குக்கூட இருக்கவில்லை. ஒரு விரலைக் காட்டினேன்.

கோவிந்தம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானும் ஒரு விரலைத் தூக்கினாள். வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்த்தும் அப்படியே தூக்கி நின்றாள். ஜீப் ஹாரன் அடித்தது. எதிர்வீட்டுச் சுந்தரி குடத்தை இறக்கிவைத்துவிட்டு விரலைக் காட்டினாள். அடுத்த வீட்டில் ஒரு கை. அதற்கடுத்து இன்னொன்று.

ஹாரன் விடாமல் அலறியது. நான் எழுதிக்கொண்டே நடந்தேன். ஐந்து தாண்டிவிட்டது. தெருக்கோடியில் இன்னும் கதவுகள் திறந்துகொண்டிருந்தன.