சிறுமலைக்குப் போன பஸ்

கல்லூரியில் ஐரினைத் தனியாகப் பார்த்தால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “ஜோதி எங்கே?” என்பதுதான். நாகஜோதியைத் தனியாகப் பார்த்தால், “ஐரின் எங்கே?” என்பார்கள். இரண்டு பேரும் தாவரவியல் இரண்டாம் ஆண்டு. விடுதியில் ஒரே அறை, வகுப்பில் ஒரே பெஞ்சு.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்த சின்ன மகளிர் கல்லூரி அது. யாருக்காவது காலையில் தலைவலி என்றால் மதியத்துக்குள் வாட்ச்மேன் வரைக்கும் சேதி போய்விடும். “இப்ப தேவலையாம்மா?” என்று கேட்டுக்கொண்டே கேட்டைத் திறப்பார்.

ஐரின் ஆத்தூர்க்காரி. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். நாகஜோதி சிறுமலைக்காரி. அவள் அப்பா மொக்கைச்சாமிக்கு மலையில் கொஞ்சம் வாழையும் மிளகும் இருந்தன. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்வையாளர் நேரத்தில், தோளில் ஒரு மலைவாழைத் தாரோடு வந்து நிற்பார். அன்றைக்கு விடுதி முழுக்க வாழைப்பழ வாசம்தான். மகளைப் பார்க்கும் முன்பே, “டீச்சர் மக எங்க? சாப்பிடுதா நல்லா?” என்று ஐரினைத்தான் விசாரிப்பார். போன மழைக்காலத்தில் ஐரின் காய்ச்சலில் கிடந்தபோது, மிளகை அவரே வறுத்து இடித்து ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, கஞ்சியில் தூவிக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஐரினும் அவரை அப்பா என்றே கூப்பிட ஆரம்பித்தாள்.

கல்லூரியில் பொங்கல் விழா நடந்த அன்று காலையிலிருந்தே மைதானம் அமளிதுமளியாக இருந்தது. துறைக்கு ஒரு பானை. எந்தப் பானை முதலில் பொங்குகிறது என்று போட்டி. வணிகவியல்காரிகள் விறகில் திருட்டுத்தனமாக மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டார்கள் என்று பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. நாகஜோதி முதன்முறையாகப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். சேலை ஐரினுடைய அம்மாவுடையது, மயில் கழுத்து நிறம். நிலக்கோட்டையிலிருந்து வரும் பிள்ளைகள் கொண்டுவந்த மல்லிகையை ஐரின்தான் தொடுத்து அவள் தலை நிறைய வைத்துவிட்டிருந்தாள்.

“ஏ, நடக்கவே தெரியலடி எனக்கு. அவுந்துருமோன்னு பயமா இருக்கு,” என்று நாகஜோதி சேலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த நேரத்தில்தான் விடுதிக் காப்பாளர் சிஸ்டர் அல்போன்சா ஐரினை மட்டும் அலுவலகத்துக்கு அழைத்தார். உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்.

“ஐரின், மனசைத் தைரியமா வச்சுக்கம்மா. ஜோதியோட அப்பா இறந்துட்டாரு.”

காலையில் தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். நாகஜோதியின் மாமா போன் செய்திருக்கிறார். பிள்ளைக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டாம், மலைப்பாதையில் அழுது மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது, அப்பாவுக்குக் கால் பிசகிவிட்டது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள் என்று அவள் அம்மா அழுதுகொண்டே சொன்னாளாம்.

“நம்ம வேன் விருந்தினரைக் கூப்பிட மதுரைக்குப் போயிருக்கு. அது வர்ற வரைக்கும் காத்திருந்தா நேரமாயிரும். பன்னண்டு மணி பஸ்ஸுல நீ கூடப் போ. நாங்க பின்னாடியே வந்துர்றோம். அவ கையில போனைக் குடுத்துறாத. உன்னால முடியும்தானே?”

ஐரின் தலையாட்டினாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். பானை பொங்கி, பிள்ளைகள் குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கால் பிசகிவிட்டது என்று கேட்டதும் நாகஜோதிக்கு முகம் வாடியது. “ரொம்ப அடியா? அப்ப ஏன் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரல?”

ஐரின் வாயில் ஒரு பொய் வந்தது. “நாட்டு வைத்தியர் வந்து கட்டுப் போட்டிருக்காராம். ஒன்னப் பாக்கணும்னு சொல்றாராம்.”

நாகஜோதிக்கு உடனே சிரிப்பு வந்துவிட்டது. “அதானே! எங்கப்பாவுக்கு ஊசின்னா உசுரு போயிரும். ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பாப்பாராக்கும்? அழுது அடம்பிடிச்சு கட்டு போட்டிருக்கும்.”

“சேலைய மாத்திட்டு வா ஜோதி. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“மாத்தல. இதோடயே வாரேன். எங்கப்பா என்னய சேலையில பாத்ததே இல்லடி. பாக்கட்டும்.”

ஐரின் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? வேறு உடை மாற்று என்று வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்கு ஐரினிடம் பொய் இல்லை. “சரி வா,” என்றாள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் சிறுமலை பஸ் கிளம்பத் தயாராக நின்றது. நாகஜோதி ஓடிப்போய் ஒரு பாக்கெட் ரொட்டியும் ஆப்பிளும் வாங்கிவந்தாள். “படுத்துக் கெடக்கும்போது வெறுங்கையோட போனா நல்லாருக்காது. நம்மளப் பாக்க அப்பா எப்பவும் தாரோடதான வரும்.” ஐரின் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆப்பிள் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் கிளம்பும்போது நாகஜோதியின் ஊர்க்காரர் கருப்பணன் ஏறினார். கையில் பெரிய ரோஜா மாலை, வாழையிலையில் சுற்றியது. நாகஜோதியைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். பட்டுச்சேலையையும் பூவையும் பார்த்தார். ஐரின் அவரைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினாள்.

“வாங்க சித்தப்பா. யாருக்கு மாலை?” என்று கேட்டாள் நாகஜோதி.

“கோயிலுக்குத் தாயி,” என்றார் அவர். அதற்கு மேல் அங்கே நிற்காமல் கடைசி இருக்கைக்குப் போய் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மலை ஏற ஏற, கருப்பணன் சொன்னாரோ, அல்லது மற்றவர்களுக்கு முன்பே தெரியுமோ, ஒவ்வொருவராகத் திரும்பி நாகஜோதியைப் பார்த்தார்கள். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வழக்கமாகச் சந்தைக் கூச்சலும் சண்டையுமாகப் போகிற பஸ். அன்றைக்கு இன்ஜின் சத்தம் மட்டும்தான். கண்டக்டர் டிக்கெட் கொடுத்தபோதுகூட ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசியது நாகஜோதி ஒருத்திதான். பேச்செல்லாம் அப்பாவைப் பற்றி. ஒருமுறை ஊசி போட வந்த நர்ஸைக் கண்டு அவர் மாட்டுக்கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அம்மா திட்டினால் வாழைத்தோட்டத்துக்குப் போய் வாழை மரத்திடம் புகார் சொல்வது. மகள் கல்லூரியில் சேர்ந்த அன்று, ‘பாட்டனி’ என்ற வார்த்தை வாயில் நுழையாமல், ஊர் முழுக்க ‘பட்டாணி படிக்குது எம்மவ’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. சொல்லிச் சொல்லி அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஐரினின் தோளில் சாய்ந்து சிரித்தாள். தலையிலிருந்த மல்லிகை ஐரினின் கன்னத்தில் உரசியது.

“என்னடி, சிரிக்கவே மாட்டேங்குற?”

“வளைவுல தலை சுத்துதுடி.”

“கண்ண மூடிக்க. செத்த நேரந்தான், வந்துரும்.”

ஐரின் கண்ணை மூடிக்கொண்டாள். மிளகு டப்பாவோடு விடுதி வாசலில் நின்ற மொக்கைச்சாமியின் முகம் வந்தது. அவளுக்கும் அழ வேண்டும்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஆப்பிள் பையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஊருக்கு முந்தின வளைவில் கொட்டுச் சத்தம் கேட்டது. நாகஜோதி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

“யாரு வீட்டுலயோ எழவு போலடி. பாவம், பொங்கல் நேரத்துல.”

பின்னால் கருப்பணன் ஓவென்று குரலெடுத்து அழுதுவிட்டார். அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த அழுகை. நாகஜோதி திரும்பிப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், பஸ்ஸில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். கடைசியில் ஐரினைப் பார்த்தாள். ஐரினின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பஸ் நின்றதும் நாகஜோதி, சேலை தடுக்கத் தடுக்க, ஓடினாள். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் எழுந்துவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி முதல் வேலையாக அவள் தலையிலிருந்த பூவைப் பிடுங்கி எறிந்தாள். ஐரின் பந்தல் கால் பக்கத்தில் ரொட்டியும் ஆப்பிளுமாக நின்றாள். அவற்றை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் சிஸ்டரும் வகுப்புப் பிள்ளைகளும் வேனில் வந்து சேர்ந்தார்கள். காரியமெல்லாம் முடிந்து நாகஜோதி கல்லூரிக்குத் திரும்பியபோது பொங்கல் கழிந்து வகுப்புகள் மும்முரமாகியிருந்தன. ஐரின் அவளுக்காக எல்லாப் பாடத்தையும் தனியாக எழுதி வைத்திருந்தாள். துணியைத் துவைத்துப் போட்டாள், சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். நாகஜோதி சாப்பிட்டாள், படித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான்.

ஒருநாள் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

“ஐரின், பொங்கப் பானைகிட்ட வந்து என்னயக் கூப்பிட்டியே, அப்பவே ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும். சிஸ்டர் சொல்லக் கூடாதுன்னாங்க. ஒங்கம்மாவும்…”

“நான் சிரிச்சேன்டி.” நாகஜோதியின் குரல் உயரவில்லை. “எங்கப்பாவ நெனச்சு நெனச்சு வழி பூரா சிரிச்சேன். தலை நெறைய பூவு. பட்டுச்சேலை. கல்யாணப் பொண்ணு மாதிரி அப்பா மொகத்துக்கு முன்னால போயி நின்னேன். பஸ்ஸுல இருந்த அம்புட்டுப் பேருக்கும் தெரியும். பெத்த மக, எனக்கு மட்டும் தெரியல.”

“மலைப்பாதையில ஒனக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயந்தாங்கடி.”

“ஆகட்டுமே. எங்கப்பா செத்ததுக்கு எனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதா?”

ஐரின் உலர்ந்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். மன்னிச்சிரு என்று சொன்னாள். அது தனக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக வந்தது.

அந்த வாரமே நாகஜோதி சிஸ்டரிடம் கேட்டு வகுப்புத் தோழி ரீனாவின் அறைக்கு மாறிக்கொண்டாள். வகுப்பிலும் ரீனாவோடு முன்பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சின்னக் கல்லூரி அல்லவா, எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. யாரும் எதுவும் கேட்கவில்லை. வாட்ச்மேன்கூட “ஜோதி எங்கம்மா?” என்று கேட்பதை விட்டுவிட்டார். சிஸ்டர் அல்போன்சா ஒருநாள் ஐரினைக் கல்லூரியின் மாதா கோயிலுக்குள் அழைத்து உட்காரவைத்து, “நான் உன்கிட்ட அதை ஒப்படைச்சிருக்கக் கூடாதும்மா,” என்றார். ஊருக்குப் போனபோது அவளுடைய அப்பா, “நீ செஞ்சது சரிதாம்மா, அந்த நேரத்துல யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க,” என்றார். ஐரினுக்கு இரண்டுமே உதவவில்லை. சொல்லியிருந்தால் அந்த மலைப்பாதை முழுக்க ஜோதி கதறியிருப்பாள். சொல்லாததால் அப்பாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே போனாள். இதில் எது நல்லது என்று எத்தனை யோசித்தும் ஐரினுக்குப் பிடிபடவில்லை.

செமஸ்டர் தேர்வு முடிந்த அன்று மரத்தடியில் நாகஜோதி தனியாக நின்றாள். ஐரின் துணிந்து பக்கத்தில் போனாள்.

“இன்னும் எம்மேல கோவமா ஜோதி?”

நாகஜோதி அவளை நேராகப் பார்த்தாள். பழைய பாசம் அந்தக் கண்ணில் இருந்தது. அதுதான் ஐரினை அதிகம் வதைத்தது.

“கோவமெல்லாம் இல்லடி. அந்த இடத்துல நான் இருந்தாலும் வாயத் தொறந்திருப்பேனான்னு தெரியல. ஆனா ஒன் மொகத்தப் பாத்தாலே எனக்கு அந்தக் கொட்டுச் சத்தம் கேக்குது. நான் என்ன செய்ய?” ஐரினின் கையை ஒருமுறை பற்றிவிட்டு விடுவித்தாள். “ஒங்கம்மாகிட்ட சேலைய அயர்ன் பண்ணி வச்சிருக்கேன்னு சொல்லு. ரீனா ரூம்ல இருக்கு, எடுத்துக்க.”

அதற்கப்புறம் ஐரின் அவளைத் தேடிப் போகவில்லை. தன் முகம் அவள் கண்ணில் படாமல் இருப்பதுதான் இனி அவளுக்குத் தன்னால் செய்யக்கூடிய ஒரே உதவி என்று புரிந்துகொண்டாள். மூன்றாம் ஆண்டு முழுக்க, நாகஜோதி வராந்தாவில் வந்தால் ஐரின் படிக்கட்டு வழியாக இறங்குவாள். விடுதிச் சாப்பாட்டு மணி அடித்ததும் போகமாட்டாள். எல்லோரும் தின்று தட்டுக் கழுவிப் போன பிறகுதான் போவாள்.

“ஏம்புள்ள, தெனமும் கடைசியா வாரியே? குழம்பெல்லாம் அடியில நிக்கிது பாரு,” என்று சமையல்கார ஜக்கம்மா அக்கா அலுத்துக்கொள்வாள்.

“படிச்சுக்கிட்டு இருந்தேன்க்கா,” என்பாள் ஐரின்.

அக்கா சட்டியைச் சாய்த்து வழித்து ஊற்றுவாள். காலியான அந்தப் பெரிய கூடத்தில், மின்விசிறி சத்தத்துக்குக் கீழே, ஐரின் ஆறிப்போன சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்குவாள்.