ஐம்பத்தொரு ராத்தல்

கிந்தா முந்திரிக் கொட்டையைக் கத்தரியின் வாயில் நிறுத்திப் பிடியை ஒரே அழுத்தாக அழுத்தினாள். ஓடு டக்கென்று இரண்டாகப் பிளந்தது. இரண்டு பாதிகளையும் பருப்பு மேலே தெரியும்படி பலகையில் வைத்துவிட்டு அடுத்த கொட்டையை எடுத்தாள். விரல்களில் பாமாயிலும் சாம்பலும் குழைத்துப் பூசியிருந்தாள். அப்படியும் ஓட்டில் கசியும் எண்ணெய் பட்ட இடமெல்லாம் தோல் கறுத்து உரிந்து கிடந்தது.

எட்டு வருஷம் முந்திரி உடைக்கும் ஆலையில் இருந்த கை அது. கொட்டையெல்லாம் உடைபடாமலே பிசாவ் துறைமுகத்தில் கப்பலேறத் தொடங்கியபின் ஆலைக்குச் சரக்கு வருவது நின்றது. ஆலையைப் பூட்டினார்கள். இருநூறு பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். கிந்தாவை மட்டும் மன்சோவா சாலையில் கொள்முதல் கிடங்கு வைத்திருந்த சாலியு, வெட்டிப் பார்க்கிற வேலைக்கு எடுத்துக்கொண்டான். இது இரண்டாவது பருவம்.

வேலை இதுதான். வருகிற லாரியின் மூட்டைகளில் குத்தூசி செருகி ஒரு கிலோ கொட்டை எடுக்க வேண்டும். அத்தனையையும் வெட்டி மூன்று தட்டில் பிரிக்க வேண்டும். நல்ல பருப்பு ஒரு தட்டு, புள்ளி விழுந்தது ஒரு தட்டு, சொத்தையும் சுருங்கலும் ஒரு தட்டு. நல்லதன் எடையோடு புள்ளி விழுந்ததில் பாதியைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், எண்பது கிலோ மூட்டைக்கு எத்தனை ராத்தல் பருப்பு தேறும் என்று தெரிந்துவிடும். நாற்பத்தேழுக்கு மேலே போனால் முழு விலை. கீழே இறங்கினால் கிலோவுக்கு நூறு பிராங்கு குறைவு.

முதல் வருஷம் முதல் நாளே சாலியு சொல்லிவிட்டான். "புள்ளிக்குன்னு தனித் தட்டெல்லாம் பார்வைக்குத்தான் கிந்தா. எடை போடுறப்ப அது மொத்தமும் சொத்தையோட போயிடணும். லேசா சுருங்கினதும் சொத்தைதான்."

அவள் அப்படியே செய்துவந்தாள். பலகைக்கு எதிரே வந்து நின்ற முகங்களெல்லாம் தெரியாத ஊர் முகங்கள்.

அன்றைக்கு வரிசையில் நான்காவதாக நின்ற லாரியில் இருந்தது அவள் ஊர்க் கொட்டை. மூட்டைகளின் மேலே அவள் புருஷன் கெமோ உட்கார்ந்திருந்தான். அவன் தங்கை சாபாது லாரி நிழலில் ஒரு பிளாஸ்டிக் கேனை வைத்துக்கொண்டு, முந்திரிப் பழக் கள்ளை டிரைவர்களுக்குக் குவளை குவளையாக விற்றுக்கொண்டிருந்தாள். கொட்டை ஆம்பளைக் கணக்கு, பழச்சாறு பொம்பளைக் கணக்கு. அதில் கெமோகூடக் கை வைக்க முடியாது.

"அண்ணி!" என்று கூப்பிட்டாள் சாபாது. "அந்தக் கத்தரிக்கு நம்ம கொட்டைன்னு காதுல சொல்லி வை. வேத்தாள் மாதிரி கடிச்சிடப் போகுது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கிந்தா தலை நிமிரவில்லை.

பதின்மூன்று வீட்டுக் கொட்டை, அறுபது மூட்டை. தனித்தனியாக விற்றால் அடிமாட்டு விலைக்குத்தான் போகும், ஒன்றாகச் சேருங்கள் என்று சேரவைத்தவள் கிந்தா. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போதெல்லாம் வீடு வீடாக ஏறிச் சொன்னாள். மரத்திலிருந்து பறிக்காதே, பழம் தானாக விழட்டும். விழுந்த அன்றே கொட்டையைத் திருகி எடு. மூன்று வெயில் காய விடு. நைலான் பையில் கட்டாதே, வேர்த்துப் பருப்பு கறுத்துப்போகும், சணல் சாக்கில் கட்டு. சொன்னதை ஒரு வீடு தப்பாமல் கேட்டார்கள். ஏப்ரலில் அரிசிக்காரன் வந்து இரண்டு மூட்டைக் கொட்டைக்கு ஒரு மூட்டை அரிசி என்று கூவியபோது, வருஷா வருஷம் ஓடிப்போய் மாற்றிக்கொள்கிறவர்கள் இந்தத் தடவை அவனை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

இப்போது ஜூன் பிறந்துவிட்டது. ஊரில் எட்டு நாளாக அரிசி இல்லை. மாம்பழத்தையும் மரவள்ளியையும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் மழை விழுந்தால் வயல் வேலை தொடங்கிவிடும். வெறும் வயிற்றோடு வரப்பு வெட்ட முடியாது.

மூன்றாவது லாரியின் கணக்கு முடிந்ததும் சாலியு கிந்தாவை, கொட்டைக்கு மாற்றாகக் கொடுக்க வைத்திருந்த அரிசி அடுக்குக்குப் பின்னால் கூப்பிட்டான்.

"அடுத்தது உன் ஊரு வண்டின்னு மலாம் சொன்னான்."

"ஆமா முதலாளி."

"நல்லது. அப்போ தகராறு வராது. நீ சொன்னா கேட்டுக்குவாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நாப்பத்தஞ்சு போடு. துறைமுகத்துல வாங்குறவன் இந்த வாரம் கையை இறுக்கிட்டான், என்னால முழு விலை தர முடியாது. பருவம் முடிஞ்சதும் உன்னைத் துறைமுகக் கிடங்குக்கு அனுப்புறேன். வருஷம் பூரா வேலை."

"வெட்டிப் பார்க்காம எப்படி முதலாளி எண் சொல்றது?"

"வெட்டு. யாரு வேணாங்கறா? வெட்டிட்டு நாப்பத்தஞ்சு போடு."

கிடங்குக் கையாள் மலாம் லாரியில் ஏறிக் குத்தூசியைச் செருகினான். மேல் மூட்டை, நடு மூட்டை, அடி மூட்டை என்று மாற்றி மாற்றிக் குத்திச் சட்டி நிறையக் கொட்டை கொண்டுவந்தான். கிந்தா ஒரு கிலோ நிறுத்தாள். வெட்டத் தொடங்கினாள்.

கெமோவும் ஊர்க்காரர்களும் பலகையைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொரு கொட்டையாகப் பிளந்தது. வெள்ளை வெளேரென்று, ஓட்டுக்குள் இடமே விடாமல் நிறைந்த பருப்பு. இரண்டு பருவமாக இந்தப் பலகையில் இப்படி ஒரு சரக்கை அவள் பார்த்ததில்லை. நூறு வெட்டும்போது புள்ளித் தட்டில் நாலு பாதிகள்கூடச் சேரவில்லை. அவள் முதுகில் வேர்வை இறங்கியது. சாலியு நாற்காலியைப் பலகைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

எல்லாம் முடிந்தது. நல்ல பருப்பைத் தராசில் வைத்தாள். இருநூற்று எண்பத்தொரு கிராம். புள்ளித் தட்டை எடுத்தாள். சாலியு போனிலிருந்து கண்ணை எடுத்துச் சொத்தைத் தட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

அவள் புள்ளித் தட்டைத் தனியாகவே தராசில் வைத்தாள். பதினாறு கிராம். அதில் பாதி எட்டு. மொத்தம் இருநூற்று எண்பத்தொன்பது. கிராமை ராத்தலாக்கும் கணக்கு அட்டையில் விரலை ஓட்டி, வரிசையில் கடைசி லாரிக்காரனுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஐம்பத்தொரு ராத்தல்."

சாபாதுதான் முதலில் கைதட்டினாள். "ஐம்பத்தொண்ணு! கேட்டுக்கோங்கடா, ஐம்பத்தொண்ணு! குடிக்கிறவன் குடி, இந்தக் குவளைக்குக் காசு வேண்டாம்." கெமோ சிரித்துக்கொண்டே முகத்தை இரண்டு கையாலும் துடைத்தான்.

சாலியு நாற்காலியைவிட்டு எழுந்தான். கோபப்படவில்லை. ஒரு நல்ல பருப்பை எடுத்து, உள்தோலை நகத்தால் சுரண்டி வாயில் போட்டு மென்றான்.

"அருமையான கொட்டை. இந்தச் சாலையில இப்படி ஒரு சரக்கு வந்ததே இல்ல. ஆனா பாருங்க, இன்னிக்குக் கொள்முதல் முடிஞ்சுபோச்சு. நாளைக்குப் பார்ப்போம்."

"மணி பதினொண்ணுதான் ஆகுது முதலாளி," என்றான் கெமோ.

"பணம் தீர்ந்துபோச்சுன்னா மணி என்ன பண்ணும்?"

"பின்னால நிக்கிற வண்டியெல்லாம்?"

"அதெல்லாம் சின்னச் சரக்கு. ஐம்பத்தொண்ணுக்குத் தர்ற அளவுக்கு எங்கிட்ட இப்போ இல்ல. வேற கிடங்கு இருக்கே, போய்ப் பாருங்க. நான் கையைப் பிடிச்சா நிறுத்துறேன்?"

லாரி கிளம்பியது. அது அடுத்த கிடங்கைச் சேருமுன்பே அங்கே என்ன நடக்கும் என்று கிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. சாலியு நாற்காலியில் சாய்ந்தபடி வரிசையாக இரண்டு பேருக்குப் போன் பேசினான். இரண்டுமே சின்னப் பேச்சு. இரண்டிலும் "அறுபது மூட்டை, நீல லாரி" என்றது அவள் காதில் விழுந்தது.

இரண்டு மணிக்கு லாரி திரும்பி வந்தது. கெமோ இறங்கி நேராகப் பலகைக்கு வந்தான்.

"குத்தூசியைக்கூடக் கையில எடுக்கல," என்றான். "வண்டியைப் பார்த்ததுமே இடமில்லேன்னுட்டாங்க. ரெண்டு இடத்துலயும்."

"நாளைக்கு வரச் சொல்லு டிரைவர."

"நாலு மணிக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்கறான். மழை விடாமப் பிடிச்சுட்டா நம்ம ஊருப் பாதையில வண்டி போகாது, சரக்க ரோட்டுல இறக்கிட்டுப் போயிடுவேங்கறான்." கெமோ தலையைக் குனிந்துகொண்டான். மெல்லச் சொன்னான். "நாப்பத்தெட்டுன்னு சொல்லியிருக்கலாமோ கிந்தா? அவனுக்கும் உறுத்தாது, நமக்கும் முழு விலை."

"இருந்தது ஐம்பத்தொண்ணு."

"இருந்தது. இல்லேங்கல."

தெற்கே வானம் அடுப்புக்கரி மாதிரி ஆகியிருந்தது. காற்று எழுந்து அரிசி அடுக்கின் மேல் மூடியிருந்த தார்ப்பாயை உப்பவைத்தது. கிந்தா சாலியுவிடம் போனாள்.

"முதலாளி, வண்டிய மட்டும் ஷெட்டுக்குள்ள விடச் சொல்லுங்க. பாதி ஷெட் காலியாத்தானே கிடக்கு."

"வாங்கின சரக்குக்குத்தான் கூரை கிந்தா. ஊர்ச் சரக்கையெல்லாம் உள்ள விட்டா நாளைக்கு எவனோ மூட்டை காணோம்பான்."

மழை ஓரமாகத் தூறி வரவில்லை. ஒரேயடியாகக் கொட்டியது. லாரியில் இருந்த தார்ப்பாய் பாதி மூட்டைகளுக்குத்தான் எட்டியது. ஊர்க்காரர்கள் பின்பக்கத்து மூட்டைகளின் மேல் சட்டைகளைக் கழற்றிப் போட்டார்கள். சாபாது இடுப்பில் சுற்றியிருந்த மேல்துணியை அவிழ்த்து விரித்து, அது பறக்காமல் இருக்க அதன் மேலேயே ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டாள். கிந்தா ஷெட் ஓரத்தில் நின்று பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு லாரி நுழைகிற அகலத்துக்குச் சிமென்டுத் தரை காய்ந்து கிடந்தது.

முக்கால் மணி நேரத்தில் மழை விட்டது. சாலியு குடையை மடக்கிக்கொண்டு லாரிப் பக்கம் வந்தான்.

"பாவமா இருக்கு," என்றான். "எங்கெங்கேயோ கேட்டுக் கொஞ்சம் பணம் புரட்டியிருக்கேன். ஆனா நனைஞ்ச சரக்கு. திரும்ப வெட்டிப் பார்த்துத்தான் எடுக்க முடியும். மலாம், ஏறு."

"நான் வெட்டுறேன்," என்றாள் கிந்தா.

"உன் கை காலையிலேருந்து வேலை செஞ்சிருக்கு. ஓய்வு கொடு."

மலாம் பின்பக்கத்து அடி மூட்டைகளில் மட்டும் குத்தினான். அவன் வெட்டியபோது அவள் பக்கத்திலேயே நின்றாள். முக்கால் மணி மழை ஓட்டுக்குள் போகாது என்று அவளுக்குத் தெரியும், மலாமுக்கும் தெரியும். உள்ளே பருப்பு காலையில் இருந்த மாதிரியேதான் இருந்தது. மலாம் அவள் முகத்தைப் பார்க்காமல் புள்ளியைச் சொத்தையில் தள்ளினான். லேசாக வளைந்ததைத் தள்ளினான். பிறகு நல்லதிலிருந்தும் ஒரு கையளவு எடுத்துத் தள்ளினான்.

"மலாம், அது நல்ல பருப்புடா."

"எனக்கும் வீட்டுல நாலு வாய் இருக்கு கிந்தாக்கா," என்று முணுமுணுத்தான் மலாம். பிறகு சத்தமாக, "நாப்பத்திநாலு ராத்தல்," என்றான்.

"பொய்!" என்று லாரி மேலிருந்து கத்தினாள் சாபாது. ஈரத் துணி உடம்போடு ஒட்டியிருந்தது. "காலையில ஐம்பத்தொண்ணு, மத்தியானம் நாப்பத்திநாலா? மழையில ஏழு ராத்தல் கரைஞ்சுபோக இது என்ன, உப்பா?"

"அப்படீன்னா திருப்பிக் கொண்டுபோம்மா. உன் மேல்துணியப் போட்டு மூடிக் கொண்டுபோ."

சாலியு அதைச் சொல்லி முடிப்பதற்குள் கிந்தா பலகையைத் தாண்டி ஒரு எட்டு வைத்துவிட்டாள். கெமோ அவள் கையைப் பிடித்தான். அவன் பிடி கெட்டியாக இருந்தது, குரல் அப்படி இல்லை.

"விடு கிந்தா. சும்மா இரு." சாலியுவின் பக்கம் திரும்பினான். "எழுதுங்க முதலாளி. பாதிக்கு அரிசியாக் குடுத்துடுங்க."

லாரி டிரைவர் அதற்குள் என்ஜினைக் கிளப்பிவிட்டான். கொட்டை மூட்டைகள் ஒவ்வொன்றாகச் சிமென்டுத் தரையில் இறங்கின. அந்த இடத்தில் அரிசி மூட்டைகள் ஏறின. அரிசி சாலியுவின் அரிசி, விலையும் அவன் வைத்த விலை. ஏறி முடிந்தபோது லாரியின் தரையில் பாதிக்குமேல் வெறும் பலகைதான் தெரிந்தது. ஊர்க்காரர்கள் அரிசியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"கிந்தா," என்று ஷெட்டுக்குள்ளிருந்து சாலியு கூப்பிட்டான். கூலியைத் தீர்த்து அனுப்பப்போகிறான் என்று நினைத்துக்கொண்டே போனாள். அவன் கையில் கறுப்புப் பெயின்ட் டப்பாவும் தூரிகையும் இருந்தன.

"இந்த அறுபதையும் மத்ததோட கலக்கவிடாத. தனியா அடுக்கச் சொல்லு. நாளைக்குத் துறைமுகத்துலேருந்து ஆள் வர்றான், அவன் வெட்டிப் பார்த்துத்தான் விலை பேசுவான். உன் கணக்குல ஒரு ராத்தல்கூடப் பிசகாதுன்னு அவனுக்குத் தெரியும்." டப்பாவை அவளிடம் நீட்டினான். "சாக்கு மேல சரியான எண்ணப் போடு. பெரிசாப் போடு."

அவள் கொஞ்ச நேரம் டப்பாவை வாங்கிக்கொள்ளாமல் நின்றாள். வெளியே லாரி பின்னுக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்தது. சாபாது மேலே அரிசி மூட்டையில் சாய்ந்தபடி, ஷெட்டுக்குள் தெரிந்த அண்ணிக்குக் கையசைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வருவேல்ல அண்ணி? சோறு இருக்கும்!"

கிந்தா டப்பாவை வாங்கித் தூரிகையைத் தோய்த்தாள். முதல் மூட்டையின் முன் குனிந்து ஐந்து போட்டாள். சணல் ஈரமாக இருந்ததால் அதன் வால் கீழே வழிந்தது. புறங்கையால் வழிசலைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் ஒன்று போட்டாள்.

சாபாதுவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கள் விற்கிறவளுக்கு எண் தெரியும். அசைத்த கை அப்படியே நின்றது. லாரி சாலையில் ஏறித் திரும்புகிறவரைக்கும் அவள் அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டு போனாள்.

கிந்தா அடுத்த மூட்டைக்கு நகர்ந்தாள். இன்னும் ஐம்பத்தொன்பது இருந்தன.